மலையில் வாடகை பாத்ரூம்: ஒட்டலாமா, தொங்கவிடலாமா?

குன்னூர், ஊட்டி, கோத்தகிரி பக்கம் வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் ஹாலைப் பார்ப்பார்கள், ஜன்னல் வழியே தெரியும் தேயிலைத் தோட்டத்தைப் பார்ப்பார்கள், அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். பாத்ரூமை நிதானமாகப் பார்ப்பது சாமான் இறக்கிய பிறகுதான். நிறம் மங்கிய பச்சை டைல்ஸ், அதற்கு மேலே கரும்புள்ளி பிடித்த சுவர், குழாய்க்குக் கீழே துருக்கறை, மூலையில் அழுது வடியும் ஒரு பல்பு. இடித்துக் கட்ட நமக்கு உரிமை இல்லை. இதற்கென்று ரெண்டாயிரம், மூவாயிரத்துக்கு மேல் ஒதுக்கவும் மனசு வராது. காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் இல்லாமல் திரும்ப வரவும் வேண்டும்.

இதற்கு இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பாதி ஸ்டிக்கர் ஒட்டுவது பற்றியே இருக்கும். சமவெளி ஊர்களில் அது ஓரளவு சரிப்படும், அங்கே சுவர் காய்ந்துவிடும். இங்கே அப்படி இல்லை. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,240 மீட்டரில். கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை ஊற்றும். கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழைதான் கனமழை. நடுவில் மூடுபனி, டிசம்பர் ஜனவரியில் உறைபனி. வருஷம் முழுக்க வெந்நீர்க் குளியல். அந்த ஆவி ஜில்லென்ற சுவரில் பட்டுத் தண்ணீராக வடிகிறது, அந்த ஈரத்தில் பூஞ்சை வளர்கிறது. நம் பாத்ரூம்களின் அவலட்சணத்தில் முக்கால்வாசி ஈரத்தால் வந்தது.

அதனால் எதை வாங்குவதற்கு முன்பும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை வைத்த பிறகு சுவர் காயுமா? என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதலில் தேய்த்துக் கழுவுங்கள். அடுத்து வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் செலவு செய்யுங்கள். மறைக்க வேண்டியதைத் திரை போட்டு மறையுங்கள். ஒட்டுகிற சமாச்சாரத்தைக் கடைசியில் வையுங்கள், பெரும்பாலான வீடுகளில் அதற்குத் தேவையே வராது.

எதைக் கொண்டு தேய்ப்பது

கறை எல்லாம் ஒரே கறை இல்லை. கடையில் போய் “பாத்ரூம் கறைக்கு ஏதாவது கொடுங்க” என்று கேட்டால் ஆசிட் பாட்டிலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சமவெளியில் உப்புத் தண்ணீர் படிந்து வெள்ளையாக இறுகிப்போன கறைக்கு அது வேலை செய்யும். மலை ஓடைத் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். அந்த உப்புப் படிவு இங்கே குறைவு. இங்கே இரண்டு கறைகள்தான் பிரதானம்: ஒன்று பூஞ்சை, இன்னொன்று பழைய இரும்பு பைப்பிலிருந்து இறங்கும் துரு. இரண்டுக்கும் மருந்து வேறு.

பூஞ்சைக்கு பிளீச். டைல்ஸ் இடுக்கில் கறுப்பாக ஓடும் கோடுகளில் தடவி, இருபது நிமிஷம் ஊறவிட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினால் வெள்ளை சிமெண்ட் மறுபடி தெரியும். ஆனால் துருக்கறையில் பிளீச் ஊற்றினால் போகாது, கறை இன்னும் அழுத்தமாகத்தான் ஆகும். துருவுக்கு ஆக்சாலிக் ஆசிட். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், மொசைக் தரைக்குக் கடைசியாக பாலிஷ் போடுகிறவர்கள் தேய்ப்பார்களே, அந்த வெள்ளை உப்புதான். பெரிய ஹார்டுவேர் கடைகளில் கால் கிலோ, அரைக் கிலோ பொட்டலமாகக் கிடைக்கும். ஒரு மேசைக் கரண்டி உப்பை அரை மக் வெந்நீரில் கரைத்து, பழைய துணியை நனைத்துக் குழாய்க்குக் கீழே உள்ள செம்பழுப்புக் கறை மீது போர்த்தி வைத்துவிடுங்கள். பத்து நிமிஷம் கழித்துத் துணியை எடுத்தால் கறையின் ஓரம் இளம் மஞ்சள் பச்சையாக மாறியிருக்கும், இரும்பு கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். பிரஷால் லேசாகத் தேய்த்தால் போதும். வருஷக்கணக்கில் படிந்த கறை என்றால் இன்னொரு முறை போர்த்த வேண்டியிருக்கும். கையுறை அவசியம். இது விஷம், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

கழிப்பறைக்கு ஊற்றும் ஆசிட் கலந்த கிளீனரைத் தரைக்குப் பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர். பழைய வீடுகளில் பாத்ரூம் தரை மொசைக்காக இருக்கும். அதில் உள்ள சலவைக்கல் துண்டுகளை அந்த ஆசிட் அரித்துவிடும், பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகும், அப்புறம் அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும். டைல்ஸ் இடுக்குச் சிமெண்ட்டுக்கும் அதே கதிதான். இந்தச் சேதம் நிரந்தரம், அட்வான்ஸில் கை வைக்க ஓனருக்குக் காரணமும் கிடைத்துவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளீச்சையும் ஆசிட்டையும் ஒரே நாளில் ஒரே தரையில் ஊற்றாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். குளிருக்காகக் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு சின்ன அறைக்குள் வேலை செய்யும் பழக்கம் நம் ஊரில் உண்டு, இந்த வாயுவோடு அது உயிருக்கே ஆபத்து. ஒரு வாரம் பிளீச், நன்றாகக் கழுவி விட்டு அடுத்த வாரம் ஆக்சாலிக் என்று வைத்துக்கொள்ளுங்கள். செப்டிக் டேங்க் உள்ள வீடாக இருந்தால் எதையும் அளவோடு ஊற்றுங்கள், தொட்டிக்குள் கழிவை மக்கவைக்கும் நுண்ணுயிர்களையும் பிளீச் கொன்றுவிடும்.

இந்தத் தேய்ப்பு வேலைக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், தோள் வலிக்கும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தில் பாதி இதிலேயே வந்துவிடும். தேய்த்து முடிக்கும் முன் கடைக்குப் போய் எதையும் வாங்காதீர்கள். கீழே என்ன நிறம் இருக்கிறது என்றே பல வீடுகளில் தெரிந்திருக்காது.

சுவர்: ஸ்டிக்கர், திரை, சுண்ணாம்பு

ஸ்டிக்கருக்கு ஆதரவாகச் சொல்ல ஒன்றிரண்டு விஷயம் இருக்கிறது. விலை குறைவு, ஒரே மதியத்தில் பாத்ரூம் புதுசாகத் தெரியும், பளபளப்பான டைல்ஸ் மேல் ஒட்டியதை ஹேர் டிரையரால் சூடு காட்டி உரித்துவிடலாம். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், நம் வீடுகளில் மறைக்க வேண்டிய இடம் டைல்ஸுக்கு மேலே இருக்கும் டிஸ்டெம்பர் அடித்த சுவர். அதில் ஒட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஓதம் ஏறிய சுவராக இருந்தால் ஸ்டிக்கர் பிடிக்காது, முதல் மழையிலேயே மேல் ஓரம் சுருண்டு கீழே தொங்கும். பிடித்துக்கொண்டால் அது இன்னும் மோசம். சுவருக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டு, முன்பக்கம் பூப்போட்ட டிசைன் சிரிக்கும்போது பின்பக்கம் பூஞ்சை பரவும். காலி செய்யும் நாளில் உரித்தால் டிஸ்டெம்பரும் பூச்சும் சேர்ந்து உரிந்து வரும்.

பசைக்கு வெப்பநிலையும் முக்கியம். பெரும்பாலான ஒட்டுப் பசைகள் 10 டிகிரிக்குக் கீழே சரியாகப் பிடிக்காது. டிசம்பரில் காலை எட்டு மணிக்கு ஊட்டியில் எதையும் ஒட்டிப் பயனில்லை. ஒட்டியே ஆக வேண்டும் என்றால் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வெயில் உள்ள நாளில், டைல்ஸ் மேல் மட்டும், முந்தின நாளிலிருந்து யாரும் குளிக்காத சுவரில் ஒட்டுங்கள்.

திரை இதைவிட எல்லா விதத்திலும் மேல். இரண்டு சுவருக்கு இடையில் முறுக்கி நிறுத்தும் ஸ்பிரிங் கம்பி கிடைக்கிறது, ஆணியோ டிரில்லோ வேண்டாம். அதில் ஒரு ஷவர் திரையை மாட்டி, அசிங்கமான சுவருக்கு முன்னால் நாலு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். சுவர் மறையும், பின்னால் காற்றும் ஓடும். கறை மோசமாகிறதா என்று எப்போது வேண்டுமானாலும் திரையை ஒதுக்கிப் பார்க்கலாம். காலி செய்யும்போது கம்பியைக் கழற்றிச் சுருட்டி அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கம்பியும் திரையுமாக ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும்.

திரையில் பிவிசி ஒன்று, பாலியெஸ்டர் துணி ஒன்று. பிவிசி விலை மலிவு, வாங்கின புதிதில் வாடை அடிக்கும், ஈரக் காலில் ஒட்டும், அடி ஓரத்தில் வழவழவென்று இளஞ்சிவப்புப் படிவு சேரும். பாலியெஸ்டர் கொஞ்சம் கூடுதல் விலை, ஆனால் துணியோடு துணியாகத் துவைத்துவிடலாம், தண்ணீரை உதறினால் சீக்கிரம் காயும். வாரக்கணக்கில் வெயில் வராத ஊரில் காய்கிற துணிக்குக் கூடுதலாக நூறு ரூபாய் கொடுப்பதில் தப்பில்லை. அடி ஓரம் தரையைத் தொடாமல் ஒரு சாண் மேலே நிற்கட்டும்.

ஸ்பிரிங் கம்பியை நிறுத்தும் இடத்தைக் கவனியுங்கள். பழைய கல் கட்டிட வீடுகளில் எதிரெதிர்ச் சுவர்கள் ஒரே நேராக இருக்காது, கம்பி மெல்ல மெல்ல வழுக்கி ஒரு நாள் விழும். டைல்ஸ் மேல் நிறுத்தி, இரு முனையிலும் ரப்பர் துண்டு கொடுத்தால் நிற்கும். உதிரும் பூச்சின் மேல் நிறுத்தவே வேண்டாம்.

மூன்றாவது வழி சுண்ணாம்பு. ஒட்டுவதும் தொங்கவிடுவதும் நம் கையில் இருக்கிறது, இதற்கு ஓனர் சம்மதம் வேண்டும். கேட்டுப் பார்ப்பது நல்லது என்றே சொல்வேன். சுண்ணாம்பு சுவரை மூச்சுவிட விடும், அதன் காரத்தன்மை பூஞ்சைக்கு ஆகாது, பெயிண்ட்டோடு ஒப்பிட்டால் செலவு ரொம்பக் கம்மி. கூரைக்கும் டைல்ஸுக்கு மேலுள்ள சுவருக்கும் அருமையாகப் பொருந்தும். தண்ணீர் தெறிக்கும் இடத்தில் நிற்காது, உரசினால் தோளில் வெள்ளை அப்பும். ஏற்கெனவே எமல்ஷன் பெயிண்ட் அடித்த சுவரில் பிடிக்காமல் செதில் செதிலாக உதிரும். சுவரை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: மாவாக உதிர்ந்தால் பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ, உதிர்வதைச் சுரண்டி எடுத்துவிட்டு அடிக்கலாம். தோலாக உரிந்தால் பெயிண்ட், திரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வென்டிலேட்டரை மூடலாமா

குளிர் தாங்காமல் வென்டிலேட்டரில் அட்டையோ பிளாஸ்டிக் ஷீட்டோ அடைத்து வைப்பது நம் மலையில் வீட்டுக்கு வீடு நடப்பது. அடைத்தால் குளிக்கும்போது கதகதப்பாக இருக்கும், பூஞ்சைக்கும் அதே கதகதப்பு கிடைக்கும். திறந்து வைத்தாலும் வெளியே மூடுபனிதானே, அந்த ஈரக்காற்று உள்ளே வந்து என்ன பயன் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 10 டிகிரிக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்று நிறைந்து நின்றாலும் அதில் 9 கிராம் அளவுக்குத்தான் நீராவி இருக்கும். வெந்நீர்க் குளியல் முடிந்த அறையில், 25 டிகிரியில், அதே அளவு காற்றில் 23 கிராம் வரை இருக்கும். பனிக்காற்று பார்க்கத்தான் ஈரம். உள்ளே வந்து கொஞ்சம் சூடானதும் அது ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும். அதனால் குளிக்கும்போது மூடிக்கொள்ளலாம், குளித்து முடித்ததும் அரை மணி நேரம் திறந்துவிட வேண்டும்.

இது மின்சார கீசர் உள்ள வீட்டுக்கு. கேஸ் கீசர் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருந்தால் வென்டிலேட்டரை ஒரு நிமிஷம்கூட மூடக் கூடாது. எரியும் கேஸுக்குப் போதிய காற்று இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது, மயங்கி விழும்வரை தெரியாது. அப்படிப்பட்ட கீசரை அறைக்கு வெளியே மாற்றிக் கொடுக்கச் சொல்லி ஓனரிடம் கேளுங்கள். வேறு எந்த அழகு வேலைக்கும் முன்னால் இது நடக்கட்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குவதா என்றால், வென்டிலேட்டரில் ஏற்கெனவே வட்ட ஓட்டையும் பக்கத்தில் பிளக் பாயிண்ட்டும் இருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஆறு அங்குல ஃபேன் ஆயிரத்து ஐந்நூறுக்குள் கிடைக்கும், போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். ஓட்டை இல்லாவிட்டால் கண்ணாடிப் பட்டை ஒன்றை உருவிவிட்டு அந்த இடத்தில் ஒட்டுப்பலகை வைத்து ஃபேனைப் பொருத்தித் தருவார்கள். உருவிய கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருங்கள்.

தரை, வெளிச்சம், தட்டு

தரைக்கு மூன்று விதமாக யோசிக்கிறார்கள். ஒட்டும் வினைல் ஷீட்டை விட்டுவிடுங்கள், தண்ணீர் அடியில் போய் வழுக்கும். ஒன்றோடொன்று கோத்துப் போடும் பிளாஸ்டிக் ஓடுகள் பார்க்க அழகு, ஜில்லென்ற தரை காலில் படாது. ஆனால் அடியில் சோப்பு நுரையும் முடியும் சேரும், சாக்கடை வழி வரும் மரவட்டைக்கும் நத்தைக்கும் நல்ல மறைவிடம். வாரம் ஒரு முறை கழற்றிக் கழுவுகிற பொறுமை உள்ளவர்களுக்கு அது சரி. மற்றவர்களுக்கு நூடுல்ஸ் மாதிரிப் பின்னிய பிவிசி மேட் போதும். அறை முழுக்கப் போடாமல், நின்று குளிக்கும் இடத்துக்கு மட்டும் ஒரு துண்டு வெட்டிப் போட்டு, குளித்ததும் எடுத்துக் குழாய் மேல் தொங்கவிட்டால் தரை காயும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் எதைப் போட்டாலும் போட்ட பிறகு ஈரக்காலால் மிதித்துப் பாருங்கள், நகர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளிச்சத்தில் பலரும் யோசிக்காமல் வாங்குவது வெள்ளை வெளேர் எல்இடி. 6500 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் அந்த வெளிச்சத்தில் பச்சை டைல்ஸ் ஆஸ்பத்திரி மாதிரித் தெரியும். 3000 அல்லது 4000 கெல்வின் கேட்டு வாங்குங்கள், 9 வாட் போதும், விலையும் ஏறக்குறைய நூறு ரூபாய்தான். செலவுக்குப் பலன் என்று பார்த்தால் இதை அடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை. டைல்ஸின் நிறத்தை எதிர்த்துச் சண்டை போடாமல் அதிலிருந்தே ஒரு நிறத்தை எடுத்து பக்கெட், மக், திரை மூன்றையும் அதே சாயலில் வாங்கினால் அந்தப் பழைய பச்சையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்தது போல ஆகிவிடும்.

சாமான் வைக்க, ஒட்டும் கொக்கி மொழுமொழு டைல்ஸில் துண்டுக்கு மட்டும் தாங்கும். ஷாம்பு பாட்டில்களுக்கு நிற்கும் ஸ்டாண்ட்தான் சரி. பெயிண்ட் அடித்த இரும்பு ஸ்டாண்ட் சீக்கிரமே துருப்பிடித்து நாம் தேய்த்து எடுத்த கறையை மறுபடி தரையில் வைத்துவிடும். பிளாஸ்டிக் அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் போகும் வேலை இருந்தால் அங்கே பார்த்துவிட்டு வாங்குவது நல்லது, வகையும் அதிகம், விலையும் குறைவு.

ஓனரிடம் எதைக் கேட்பது

2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் யார் எதைப் பழுது பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை, சுவருக்கு வெள்ளையடிப்பது, பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டு உரிமையாளர் பொறுப்பு. குழாய், வாஷர், கீசர், ஸ்விட்ச் பழுது வாடகைக்கு இருப்பவர் பொறுப்பு. ஆகவே சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. ஒழுகும் குழாயை நாமே மாற்றிக்கொள்வதிலும் தடையில்லை, பழைய குழாயை எடுத்து வைத்திருந்து போகும்போது மாட்டிவிடலாம். சுவருக்குள் ஓடுவது பழைய இரும்பு பைப்பாக இருந்தால் மட்டும் ஸ்பானரை நீங்கள் தொடாதீர்கள். துருவேறிய மரையைத் திருகும்போது பைப் சுவருக்குள்ளேயே முறிந்துவிடும். பிளம்பரைக் கூப்பிடுங்கள், முன்கூட்டியே ஓனருக்கும் சொல்லிவிடுங்கள்.

குடிவந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு கறையையும் விரிசலையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். தேதியோடு அது நிற்கும். பேச்சை “அண்ணா, சுண்ணாம்பும் பிரஷும் நான் வாங்கிக்கறேன், ஆள் கூலி மட்டும் நீங்க பாத்துக்குங்க” என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், அவர்கள் வீடுதானே நன்றாகிறது.

கழுவி, காயவிட்டு, காற்றும் விட்ட பிறகும் ஒரே இடத்தில் ஈரம் திரும்பத் திரும்ப வந்தால் அது ஆவி இல்லை, வெளியிலிருந்து இறங்கும் கசிவு. கூரைத் தகரத்தின் ஓரமோ, கூரைத் தண்ணீர் விழுந்து ஓடும் தகர வாய்க்காலோ, சுவருக்குப் பின்னால் அணைந்து நிற்கும் மண்மேடோ காரணமாக இருக்கும். சரிவில் கட்டிய வீடுகளில் மண்மேடு காரணமாக இருப்பது அதிகம். அந்தச் சுவருக்காக மட்டும் உங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம். மழை பெய்யும்போதே வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பி, குன்னூர்ப் பக்கம் என்றால் செப்டம்பருக்குள்ளும் ஊட்டி, கூடலூர்ப் பக்கம் என்றால் மே மாதத்துக்குள்ளும் வேலையை முடித்துத் தரச் சொல்லுங்கள்.